சொந்தம் என்று சொன்னவர்

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிநீர் கொண்டுவர ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் முன்வந்தது.
2. ஊற்றிலிருந்து லயம் வரை குழாய்ப் பாதையையும் தொட்டியையும் வடிவமைக்கும் பொறியியலாளராக நான் போனேன்.
3. முதல் கூட்டத்தில் எங்கள் மொழிபெயர்ப்பாளர் ‘சொந்தம்’ என்றொரு சொல்லைச் சொன்னார்.
4. வேலை தொடங்காமலே நின்றது.
5. இரண்டாவது கூட்டத்தில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்படி எங்கள் தலைமை அலுவலகம் சொன்னது.

மொழிபெயர்ப்பாளர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே சொல்வார். ‘அவங்க சொல்றாங்க’ என்று ஒதுங்கி நிற்கமாட்டார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில்தான் முதல் கூட்டம். நிறுவனத்தின் அதிகாரி, ஓர் ஐரோப்பியப் பெண், எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “வணக்கம். நான் மூணு பிள்ளைங்களுக்குத் தாய்” என்றார். கொழுந்துக் கூடைகளை வெளியே இறக்கிவைத்துவிட்டு வந்திருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். “சுகப்பிரசவமா தம்பி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதையும் அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்தான் அந்தச் சொல் வந்தது. உதவி நிறுவனங்களின் ஆவணங்களில் ஓர் ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும். நேரான பொருள் உடைமை. அவர்கள் கருதுவதோ வேறு: நாங்கள் போனபின் பழுதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. அதிகாரி அதைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர், “இந்தத் தண்ணித் திட்டம் உங்களுக்குச் சொந்தம்” என்றார்.

மாதர் சங்கத் தலைவி எழுந்தார். “சொந்தம்னா உறுதி குடுப்பீங்களா?” என்று கேட்டார். உறுதி என்றால் காணிப் பத்திரம். “நாங்க இருக்கிற லயம் எங்களுக்குச் சொந்தமில்ல. மரக்கறி போடுற துண்டு நெலமும் இல்ல. தொட்டி மட்டும் எப்படிங்க?” அவர் குதர்க்கம் பேசவில்லை. பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு குழாய் போட்டிருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை புதிதாக ஒருவர் வந்ததும் அது அவருடைய பங்களாத் தோட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. கேட்க ஒரு துண்டுக் கடதாசிகூட லயத்தாரிடம் இல்லை. அன்றிலிருந்து வெயில் மாதங்களில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, கீழே பீலியில் ஒழுகும் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

உறுதி கேட்ட செய்தி துரைக்கு எட்டியது. அந்தப் பேச்சை விட்டாலன்றித் தோட்டத்தில் மண்வெட்டி படாது என்றார். எங்கள் தலைமை அலுவலகமோ, ஆண்டு முடிவதற்குள் தொடங்காவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றது. பதுளைக்குத் திரும்பும் வழியில் நான் கேட்டேன்: “பொறுப்புன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“அவங்க பொறுப்புன்னு சொல்லலியே மிஸ். எங்க கடையில சேலை கேட்டு வந்தா சேலைதான் குடுப்போம். துவாயச் சுத்திக் குடுத்து அனுப்புறதில்ல.”

இரண்டாவது கூட்டத்துக்கு அதிகாரி தலைமை அலுவலகம் அனுப்பிய சில வரிகளைக் கையில் வைத்திருந்தார். அவர் வாசிக்க வாசிக்க மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “போன கூட்டத்துல என்னோட மொழிபெயர்ப்பாளர் ஒரு தப்புப் பண்ணிட்டார். சொந்தம்னு சொன்னது சரியில்ல. அதுக்காக நான் வருத்தப்படுறேன்.” தன்மேல் சுமத்திய பழியைத் தன் வாயாலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தலைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “தம்பி, இத அவங்ககிட்டக் கேளுங்க. அன்னைக்கு அந்தச் சொல்லச் சொன்னது நீங்களா, அவங்களா?”

அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டார். அதிகாரி கடதாசியை மடித்தார். சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “நான்தான் சொன்னேன்.”

யாருடைய ‘நான்’ என்று ஒரு கணம் எவருக்கும் விளங்கவில்லை. பிறகு அதிகாரி தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினார்.

சபையில் ஒப்புக்கொண்ட சொல்லை நிறுவனத்தால் விழுங்க முடியவில்லை. அதிகாரி தோட்டக் கம்பனியோடு பேசப் போனார். பேச்சு இழுத்தது, ஆண்டு முடிவதற்குச் சற்று முன்னர்தான் ஓர் ஒப்பந்தம் வந்தது. ஊற்றும் தொட்டி நிற்கும் இடமும் கம்பனியிடமே இருக்கும். பாவனை உரிமை, அதாவது பயன்படுத்தும் உரிமை, லயத்தாரின் தண்ணீர்ச் சங்கத்துக்கு. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதியவரும் அந்த மொழிபெயர்ப்பாளர்தான்.

“பாவனைன்னா பாவிக்கலாம், அவ்வளவுதானே?” என்றார் தலைவி.

“அவ்வளவுதான். விக்க முடியாது.”

“எங்களுக்கு எதுக்கு விக்க? அவங்க வெட்டிவிட முடியுமா?”

“முடியாது. அப்படித்தான் எழுதியிருக்கு.”

“அப்ப சரி, கையெழுத்துப் போடுறோம். உறுதியப் பொறகு கேக்கிறோம்.”

இன்றைய நிலைமை இது. தொட்டியில் தண்ணீர் வருகிறது. துரை ஒரு முறை மாறியிருக்கிறார். குழாய் அதே இடத்தில் இருக்கிறது. பழுதைச் சங்கமே பார்க்கிறது. தோட்டம் அரசின் காணி, கம்பனியின் குத்தகை இருக்கும்வரைதான் ஒப்பந்தம் செல்லும். அதிகாரி வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். நிறுவனத்தின் அடுத்த திட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவர் பதுளையில் தன் அண்ணனோடு கடையில் இருக்கிறார். தலைவி உறுதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை.