பை கெடக்குது, ஆளப் புடி!

2009-ஆம் வருஷம், தை மாசம். அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு செவ்வாப்பேட்டையில். ரெண்டு ரயில் மாறித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு புது மெஷின் வந்தது. செல்போன் டவர் இல்லாத இடத்திலும் நேராக சாட்டிலைட்டைப் பிடித்து இன்டர்நெட் கொடுக்கும். பார்க்க லேப்டாப் மாதிரி தட்டையான ஒரு பெட்டி. அனுமதியெல்லாம் முதலாளி முறைப்படி வாங்கி வைத்திருந்தார். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களில் மருத்துவ முகாம் நடக்கும்போது, சென்னையில் இருக்கும் பெரிய டாக்டர்களுக்கு நேரடியாகப் படம் அனுப்புவது திட்டம். ஆனால் மெஷின் தனியாகப் போகாதே! லேப்டாப், கேமரா, ஸ்டாண்டு, பேட்டரி, வயர் என்று ஒரு குடும்பமே கூட வரும். அத்தனையையும் ஒரே ஆள் சுமக்கிற மாதிரி பை வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

பை வாங்குவதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். சக்கரம் வைத்த பெட்டி மணலில் உருளாது. கேமரா பையில் லேப்டாப் நுழையாது. கான்வாஸ் பை தண்ணீரைக் குடிக்கும். பல நாள் அலைந்து, பாரிமுனையில் ஒரு கடையில், மலை ஏறுகிறவர்கள் மாட்டும் பெரிய பையைக் கண்டுபிடித்தேன். இடுப்புக்கு ஒரு பெல்ட், நெஞ்சுக்கு ஒரு பெல்ட், மழைக்கு மேலுறை. பேட்டரியை அடியில் வைத்தால் ஆளைப் பின்னால் இழுத்தது. முதுகை ஒட்டி மேலே வைத்தால் கனமே தெரியவில்லை. பெல்ட்டைப் பூட்டிவிட்டால் ரயில் நெரிசலில்கூட அசையாது. முழுச் சுமையோடு மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆபீசுக்கே போய் வந்தேன். "இன்னாய்யா, ஊட்ட காலி பண்ணிக்கினு போறியா?" என்று என் மனைவி சிரிப்பாள்.

முகாம் நடக்க இருந்த ஊரை முன்கூட்டியே பார்த்துவிட்டு வரப் போனேன். மெஷினைப் பற்றி அங்கே சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்து ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் துபாய் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். போய் நாலு வருஷமாகிறது. மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. பழவேற்காட்டுக்குப் போனால் போனில் பேசலாம், ஊரில் சிக்னல் நிற்காது. "தம்பி, அந்த மிஷின்ல கல்யாணத்த அவருக்குக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். முதலாளியிடம் சொன்னேன். "ட்ரையல் பார்த்த மாதிரியும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. போயிட்டு வா" என்றார்.

கல்யாணத்தன்று காலையில் பழவேற்காட்டில் படகு ஏறினேன். பூ வாங்க வந்திருந்த அந்த அக்காவும் அதே படகில். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. போகும் வழியெல்லாம் மெஷினைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். படம் தெளிவாகத் தெரியுமா, அங்கிருந்து அவர் பேசினால் இங்கே கேட்குமா, இப்படி. வீட்டுக்காரர் துபாயில் தெரிந்தவர் நடத்தும் பிரவுசிங் சென்டரில் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

கரை நெருங்கியதும் சீக்கிரம் இறங்கி எல்லாவற்றையும் தயார் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், பையை மாட்டி ரெண்டு பெல்ட்டையும் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். படகு மணல் திட்டில் முட்டி நின்றது. நான் அப்படியே மல்லாக்க ஏரியில் விழுந்தேன்.

அங்கே மார்பளவு தண்ணீர்தான். ஆனால் பை நிறைய தண்ணீர் ஏறி என்னைச் சேற்றோடு சேர்த்து அழுத்தியது. கால் மேலே, தலை கீழே. உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்று தேடித் தேடி வாங்கிய பை என்னை விடவே இல்லை. விரலுக்குக் கிளிப் அகப்படவில்லை. வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

யாரோ முடியைப் பிடித்து என் தலையைத் தூக்கினார்கள். அந்த அக்காதான், பட்டுப்புடவையோடு குதித்திருந்தார். படகுக்காரர் பின்னாலேயே குதித்து, "பையப் புடிக்கிறேன், உள்ள மிஷின் கீது" என்று கத்தினார்.

"பை கெடக்குது, ஆளப் புடி! கத்தியக் குடு!" என்று அக்கா அதட்டினார்.

படகில் இருந்த மீன் கத்தியை வாங்கி பெல்ட்டை அக்காவே அறுத்தார். பை தண்ணீருக்குள் போயிற்று. என்னைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மூச்சு திரும்பிய பிறகுதான் படகுக்காரர் துழாவி எடுத்து வந்த பையைப் பார்த்தேன். லேப்டாப், கேமரா ரெண்டிலும் தண்ணீர் சொட்டியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். அக்காவோ மல்லிப்பூவில் ஒட்டியிருந்த சேற்றை உதறிக்கொண்டே, "உனுக்கு ஒண்ணு ஆயிருந்தா உன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்றது? எழுந்திரு நைனா" என்றார்.

மெஷினையும் அதில் மாட்டும் ஸ்பீக்கர் போனையும் மட்டும் தடித்த பாலிதீன் உறையில் தனியாகச் சுற்றி வைத்திருந்தேன். அவை ரெண்டும் தப்பித்துவிட்டன. மெஷினுக்குள்ளேயே சின்ன பேட்டரி ஒன்று உண்டு. படம் அனுப்ப முடியாது, பேசலாம். பந்தலுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் மெஷினை மேற்கே சாய்த்து வைத்து, அக்கா வீட்டுக்காரருடைய செல்லுக்குப் போட்டேன். அக்கா நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள நல்லா கீறானா?" என்பதுதான்.

கெட்டிமேளம் முழுக்க அவர் போனிலேயே இருந்தார். அக்கா ஈரத் தலையோடு போன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "அரக்கு கலரு பொடவ. உன் அம்மா ஜாடை அப்பிடியே வந்துகீது. தோ, தலை குனியிறா. கட்டிட்டாரு, கட்டிட்டாரு!" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று மெஷினைத் தொடப் போனேன். அப்புறம்தான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மகள் பேசி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போன பிறகு, அக்கா குரலைத் தாழ்த்தி, "நீ எப்பிடி கீற? எளச்சிட்டியா?" என்று கேட்டார்.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சி. நீ பாக்காததே நல்லது."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. நான் நகர்ந்து போய் ஏரியைப் பார்த்து நின்றேன். கல்யாணத்தை வீட்டுக்காரருக்குக் காட்டத்தான் இந்த அக்கா கேட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாலு வருஷமாக இவரும் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில மாதங்களில் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். அந்த மனிதர் எப்போது ஊர் திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. இப்போது யார் முகத்தையும் எந்த நேரத்திலும் போனிலேயே பார்த்துவிடுகிறோம். அப்படி என் மனைவியின் முகம் திரையில் தெரியும் ஒவ்வொரு தடவையும், அத்தனை ஆசைப்பட்ட முகத்தைக் காட்ட இருந்த பையை ஒரு நொடியில் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, அவ்வளவாகப் பழக்கமில்லாத என் தலையைத் தூக்கிப் பிடித்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.