வெனிஸில் ஒன்பது மஞ்சள் சட்டைகள்

கடந்த ஆண்டு, 2006 மே 25 வியாழன் முதல் 28 ஞாயிறு வரை, ஒஸ்லோவிலிருந்து ஒன்பது தமிழ்ப் பெண்கள் வெனிஸுக்குப் போய் வந்தோம். கூடவே ஒரு கணவர்கூட வரவில்லை. திரும்பிய நாளிலிருந்து எப்படிப் போனீர்கள், எவ்வளவு முடிந்தது என்று கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் ஒப்புவித்துக் களைத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். இடையிடையே கொஞ்சம் பெருமையும் அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசனை பிறந்தது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் தேநீர் மேசையில். எங்கள் வீட்டு ஆண்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்று வருடா வருடம் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போவார்கள். விளையாடுவது பதினொரு பேர், விமானம் ஏறுவது நாற்பது பேர். ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருக்கும் மேரி அக்கா, மன்னார்க்காரி, தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கும் கால் இருக்குத்தானே." அவருக்கு வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குப் படகு. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அதே நகரின் ரொம்சோஸ் பகுதியில் ஒரு பார்னஹாகவில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பராமரிக்கும் இடத்தில், எட்டு வருடமாக வேலை செய்கிறேன். பதினாறு பிள்ளைகளுக்கு மஞ்சள் ஒளிரும் சட்டை போட்டு, சோடி சோடியாகக் கைகோக்க வைத்து, சுரங்க ரயிலில் நகரத்துக்குக் கொண்டுபோய், பதினாறு பேரையும் திரும்பக் கொண்டுவருவோம். இன்றுவரை ஒன்றையும் தொலைக்கவில்லை. பதினாறை மேய்ப்பவளுக்கு எட்டுப் பேர் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். என் கணவர் வேறு மாதிரி நினைத்தார்.

"அதுகள் குழந்தையள், சொன்னாக் கேக்குங்கள். இவையளிலை ஒராளை நீர் முதல் பாலத்திலையே துலைச்சுப் போடுவீர்."

அந்த ஒராள் யாராக இருக்கும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: செல்வமலர் அக்கா. வயது அறுபத்தொன்று, கணவர் இல்லை. எங்கள் குடியிருப்புக் கட்டடத்தில் மகன் ரமணனோடு இருக்கிறார். நோர்வேஜிய மொழி வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேல் போகாது, ஆங்கில எழுத்தும் வாசிக்க வராது. ரமணனுக்கு ஆகஸ்டிலிருந்து தூர நகரமான ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை. வீட்டை விற்றுவிட்டுத் தாயையும் கூட்டிப் போவதுதான் அவன் திட்டம். அக்காவுக்கோ ரொம்சோஸை விட்டு அசைய மனமில்லை. "இஞ்சை எனக்குக் கோயில் இருக்கு, கதைக்கச் சனம் இருக்கு. அங்கை போய்ச் சுவரோடையே கதைக்கிறது?" என்பார். "தனியக் கடைக்குக்கூடப் போகத் தெரியாத உங்களை எப்பிடி அம்மா விட்டிட்டுப் போறது?" என்பான் அவன். நல்ல பிள்ளை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பயணத்துக்குச் சம்மதித்தபோது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

"அக்கா, இந்த நாலு நாளும் அம்மா சமாளிச்சாவெண்டால் நான் மேலே கதைக்கேல்லை, அவ இஞ்சையே இருக்கட்டும். ஏதும் நடந்துதெண்டால் ஜூனிலை வீடு விக்கிறதுதான்."

ஆகவே எட்டுப் பேர் வெனிஸ் பார்க்கப் போனோம். செல்வமலர் அக்கா தன் வீட்டைக் காப்பாற்றப் போனார்.

இனிக் கணக்கு. விமானம் கொப்பன்ஹேகனில் மாறிப் போக வரத் தலைக்கு 1,940 குறோணர், பெப்ரவரியிலேயே எடுத்துவிட்டோம். வியாழக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளி ஒருநாள் மட்டும் லீவு எடுத்தால் நான்கு நாள் கிடைக்கும். கூட்டமும் அதே கணக்கைத்தான் போடும் என்பதை அங்கே போய் அறிந்தோம். தங்குவதற்கு வெனிஸ் தீவுக்குள் விலை கேட்டால் தலை சுற்றும். கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில், ரயில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில், மூவர் தங்கும் அறை இரவுக்கு 84 யூரோ. அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஒரு யூரோ. மாலையில் மெஸ்த்ரே அமைதியாக இருக்கும், பலசரக்குக் கடைகளும் உண்டு, மலிவு.

வெனிஸில் கார் இல்லை, பஸ் இல்லை. எல்லாம் வப்பொரெத்தோ என்கிற நீர்ப் பேருந்துதான். ஒருமுறை ஏற 5 யூரோ, 72 மணித்தியாலச் சீட்டு 25 யூரோ. பெரியதையே எடுங்கள், இரண்டாம் நாளே போட்ட காசு திரும்பிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஏறுவதற்கு முன் மிதவைத் தரிப்பிடத்தில் இருக்கும் மஞ்சள் இயந்திரத்தில் சீட்டைக் கொடுத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு இல்லாத சீட்டு.

மஞ்சள் சட்டைகளை ஒஸ்லோவில் ஒரு இரும்புக் கடையில் வாங்கினேன், ஒன்று 29 குறோணர். முதுகில் விடுதியின் பெயரையும் என் கைத்தொலைபேசி இலக்கத்தையும் தடித்த பேனாவால் எழுதினேன். சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது கிடைத்த பேச்சுகளை இங்கே எழுத முடியாது. "றோட்டுக் கூட்டவோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர், ரீச்சர்?" என்று மேரி அக்கா கேட்டார். ஆனால் பாருங்கள், சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்ததும் ரியால்டோ என்ற பெரிய பாலத்துக்குப் பக்கத்து ஒடுங்கிய சந்துகளில் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அதிகாரிகள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு ஜேர்மன் கணவனும் மனைவியும் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். எனக்கும் தெரிந்திருந்தது, சொன்னேன். (ஒரு யூரோ. சில்லறை வைத்திருங்கள்.)

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரியால்டோ மீன் சந்தை. பத்து மணிக்குப் பிறகு போவதில் பயனில்லை. நண்டு, இறால், உயிரோடு நெளியும் விலாங்கு. எங்கள் ஆட்கள் வாங்க மாட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு தட்டிலும் விலை கேட்டு, அது அநியாயம் என்று தமிழில் கடைக்காரருக்கு விளக்கினார்கள். மேரி அக்கா ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்ட, கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துக் காட்டினார். மீனுக்கு மொழி தேவையில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது 11.20க்கு. சான் மார்க்கோ போவதற்காக ரியால்டோ தரிப்பிடத்தில் முதலாம் இலக்கப் படகில் ஏறினோம். நெரிசலோ நெரிசல். படகுக்காரர் கம்பியை இழுத்துச் சாத்த, படகு நகர்ந்தது. உள்ளே நின்று எண்ணினேன், என்னோடு எட்டு. மறுபடி எண்ணினேன். கரையில், மிதவையின் ஓரத்தில், ஒன்பதாவது மஞ்சள் சட்டை நின்றது. செல்வமலர் அக்கா.

அடுத்த தரிப்பிடத்தில் எட்டுப் பேரும் குதித்து இறங்கினோம். அது கால்வாயின் மறுகரை. கரையோரமாக ஓடி, ரியால்டோப் பாலம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது 11.36. மிதவையில் அக்கா இல்லை. சந்தைக்குள் தேடினோம், பாலத்தின் இரண்டு பக்கமும் தேடினோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவிடம் தொலைபேசி கிடையாது. என் இலக்கம் அவர் முதுகில் இருந்தது. அவர் தானாக அதைப் படிக்கவும் முடியாது, படித்தாலும் யாரிடம் என்ன சொல்லுவார்?

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. ரமணன். தினமும் அந்த நேரத்துக்கு எடுப்பேன் என்று சொல்லியிருந்தான்.

"அக்கா, அம்மாவிட்டைக் குடுங்கோ."

கழிப்பறைக்குப் போய்விட்டார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு பிள்ளை காணாமல் போனால் பெற்றோருக்கு உடனே உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி.

"தம்பி, அம்மா படகு ஏறேக்கை எங்களை விட்டுப் பிரிஞ்சிட்டா. நாப்பது நிமிசமாத் தேடிக்கொண்டு நிக்கிறம்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுக்குத்தான் அக்கா நான் யோசிச்சனான்" என்று மட்டும் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பாலத்தில் நின்று நான் ஒரு மனுசியின் வீட்டை விற்றுக்கொண்டிருந்தேன்.

அழாமல் யோசித்தது மேரி அக்காதான். "காலமை ரயிலிலை அவ உம்மட்டை என்னவோ கேட்டவவெல்லே?" என்றார். கேட்டார். ரியால்டோவிலிருந்து சான் மார்க்கோ எத்தனையாவது தரிப்பு என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு "எட்டாவது, அக்கா" என்று போகிற போக்கில் சொன்னேன். வேறு ஒருவரும் கேட்கவில்லை, நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எங்கே போகிறோம் என்று யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்? சட்டை போட்டேன், கைகோக்க வைத்தேன், எண்ணினேன். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வளர்ந்த பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

12.20 படகில் ஏறி 12.45க்கு சான் மார்க்கோவில் இறங்கினோம். மிதவையில் மஞ்சள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வரிசை. வரிசையின் தலையில் செல்வமலர் அக்கா. வெளிநாட்டுப் பயணிகள் அவரிடம் சீட்டை நீட்ட, அவர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, முத்திரை இல்லாவிட்டால் இயந்திரத்தைக் காட்டி, "இதுக்குள்ளை குத்துங்கோ" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். குத்திவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

எங்களைக் கண்டதும் முகம் சுளித்தார். "அம்பது நிமிசமா நிக்கிறன். எங்கை போனனீங்கள் எல்லாரும்?"

"அக்கா, உங்களையெல்லோ தேடினனாங்கள்."

"நான் அடுத்த படகிலை வந்தனான். வரேக்கை பாத்தன், எட்டு மஞ்சள் சட்டை கரையாலை தலைதெறிக்க ஓடுது. கூப்பிட்டுப் பாத்தன், ஒருத்தருக்கும் கேக்கேல்லை. சரி, இவையளுக்குப் பின்னாலை நானும் ஓடினால் ஒருத்தரும் சேரமாட்டம், போறதெண்ட இடத்துக்கே போவம் எண்டு வந்திட்டன்."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். மேரி அக்கா என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி ரமணனுக்கு எடுத்து, அக்காவிடம் கொடுத்தார்.

"தம்பி, நான் துலையேல்லை. இவையள்தான் துலைஞ்சு போச்சினம்." தனியாக வர ஏன் பயப்படவில்லை என்று அந்தப் பக்கம் அவன் நீளமாகக் கேட்டான். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏனெண்டால் எனக்குப் பழக்கம் தம்பி. நீ வேலைக்குப் போனாப் பிறகு ரெண்டு வருசமாக் கிழமைக்கு ஒருக்கா நான் குறன்லாண்டுக்குப் போறனான். ரயிலிலை பதின்மூண்டாவது தரிப்பு. நீ சாப்பிடுற முருங்கைக்காய் பின்னை ஆர் வாங்கினதெண்டு நினைச்சனீ?"

ஒஸ்லோ தெரியாதவர்களுக்கு: குறன்லாண்ட் என்பது எங்கள் காய்கறிக் கடைகள் எல்லாம் இருக்கும் நகரத்துப் பகுதி. இரண்டு வருடம். பக்கத்துக் கதவில் இருக்கும் எனக்கே தெரியாது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "சொன்னால் அவன் வேலையிலை இருந்துகொண்டு பயப்பிடுவான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினாறு பிள்ளைகளைத் தொலைக்காத என் பெருமையெல்லாம் அக்காவின் அந்த இரண்டு வருடத்துக்கு முன்னால் எம்மாத்திரம்.

பிறகு தேவாலயத்துக்குப் போனோம். நுழைவு இலவசம், வரிசை 45 நிமிடம். முதுகுப் பையோடு விடமாட்டார்கள், பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். தோள் மூடியிருக்க வேண்டும், சேலைக்காரருக்குப் பிரச்சினை இல்லை. உள்ளே கூரை முழுக்கத் தங்கம். மேரி அக்கா முழங்காலில் நிற்க, பக்கத்தில் செல்வமலர் அக்காவும் கையெடுத்துக் கும்பிட்டார்.

சதுக்கத்துப் படிகளில் இருந்து சாப்பாட்டுப் பொதி அவிழ்க்க வேண்டாம், காவலர் வந்து எழுப்புவார்கள். எங்கள் புட்டும் சம்பலும் பாதியில் மூடப்பட்டன. அதே படகில் இன்னும் சில தரிப்புத் தள்ளி ஜியார்தீனி என்ற பூங்கா இருக்கிறது, மர நிழல், உட்கார வாங்குகள், ஆட்கள் குறைவு. அங்கே போய்ச் சாப்பிடுங்கள். கோப்பி குடிப்பதானால் நின்றுகொண்டு குடியுங்கள், ஒரு யூரோ. சதுக்கத்தில் கதிரையில் இருந்தால் வாசிக்கும் இசைக்கும் சேர்த்துப் பணம் பிடிப்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் பெரிய பாலங்களிலிருந்து மூன்று சந்து தள்ளி நடந்தால் போதும், துணி காயப்போட்ட வீடுகளும் பூனைகளும்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டமாகப் போகிறவர்கள் ஒவ்வொரு காலையும் போகும் இடத்தையும் பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். தலைவி ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதாது. தெரியாது என்று நாங்கள் நினைக்கிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

ஞாயிறு மாலை கார்டர்மூன் விமான நிலையத்தில் ரமணன் காரோடு வந்து நின்றான். தாயின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். செல்வமலர் அக்கா நடுவழியில் நின்றார். "தம்பி, நீ பையைக் கொண்டு போ. நான் இவையளோடை ரயிலிலை வாறன்." அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு, "வீட்டுத் திறப்பு வைச்சிருக்கிறீங்களே, அம்மா?" என்று கேட்டான்.

"ஓம்" என்று இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

ஜூனில் எங்கள் கட்டடத்தில் எந்த வீடும் விற்கப்படவில்லை. ரமணன் ஆகஸ்டில் தனியாக ஸ்தவாங்கருக்குப் போனான். போவதற்கு முதல்நாள் கீழே வாசலில் நின்று, தபால்பெட்டியில் இருந்த தன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாயின் பெயரை மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் மேலே ஒட்டச் சொன்னார்.