தூக்குத் தண்டனையைத் தமிழில் சொன்னவன்

கோர்ட் மொழிபெயர்ப்பாளனின் வேலை, அடுத்தவர் பேச்சைத் தன் வாயால் பேசுவது. இரண்டு பேருக்கு நடுவே தூது போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அதுதான் உத்தியோகம். அறுபதுகளில் மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலேறி, பம்பாய் கோர்ட்டில் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

கொன்னுபோடுவேன்

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தாராவியில் தோல் கிடங்குத் தொழிலாளி. குழாயடித் தகராறில் பக்கத்து வீட்டு ஐயாத்துரையை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்துவிட்டான். ஐயாத்துரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடித்ததை அவன் மறுக்கவேயில்லை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதுதான் வழக்கு.

"முந்தின நாளே 'உன்னக் கொன்னுபோடுவேன்'னு சொன்னான்" என்றார் சாட்சி. இங்கிலீஷில் சொன்னேன். என் காதுக்கே அது தீட்டிவைத்த திட்டம் மாதிரி கேட்டது. "எங்கள் பாஷையில் பெற்ற தாயே பிள்ளையை இப்படி ஏசுவாள்" என்று சேர்த்துச் சொல்லப் போனேன். நீதிபதி கையை உயர்த்தினார்.

"வார்த்தையை மட்டும் கொடுங்கள். விளக்கம் வேண்டுமானால் வக்கீல் கேட்பார்."

ஆத்திரம்

வக்கீல் கேட்கவில்லை. சுடலைமுத்துவுக்குக் கோர்ட்டே அமர்த்திக் கொடுத்த இளைஞர் அவர், தமிழ் தெரியாது. வழக்குக் கட்டையே அன்று காலையில்தான் பிரித்தார்.

சுடலைமுத்து தீர்ப்புக்குக் காத்திருந்த நாட்களில், அதே கூண்டில் ஒரு பெரிய வியாபாரி வந்து நின்றார். கூட்டாளியைச் சுட்டுக் கொன்றவர். ஆத்திரத்தில் நிதானம் இழந்துவிட்டார் என்று பேர்பெற்ற வக்கீல்கள் மாறி மாறி வாதாடினார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை. சுடலைமுத்துவுக்கு மட்டும் ஆத்திரம் வராதா என்று வராந்தாவில் புலம்பினேன். பியூன் பாண்டு பீடியை அணைத்துவிட்டு இந்தியில் சொன்னான்:

"ஆத்திரம் எல்லாருக்கும் வரும் சாப். அதை எடுத்துச் சொல்ல ஆள் வைக்கத்தான் பைசா வேணும்."

தீர்ப்பு

சாகும்வரை தூக்கிலிட வேண்டும் என்று நீதிபதி இங்கிலீஷில் படித்தார். சுடலைமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கும்வரை அவனுக்குத் தண்டனை கிடையாது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். சொன்னேன்.

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

"பேச்சியம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க ஐயா. எனக்குச் சொல்ல வராது."

அடுத்த வீடு

தாராவிக்குப் போனேன். அவன் மனைவி பேச்சியம்மாள் கேட்டதும் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஐயாத்துரையின் மனைவி செல்லக்கனி. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று அழுதவள். அவள் அழுததையும் நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"தண்டன குடுங்கன்னுதான அழுதேன்? கொல்லுங்கன்னு எப்பம் சொன்னேன்? நீங்க அப்பிடி மாத்திச் சொல்லிட்டியளா?"

மேல் கோர்ட்டிலும் தீர்ப்பு மாறவில்லை. கருணை மனுவும் தள்ளுபடியாயிற்று. சுடலைமுத்துவைத் தூக்கில் போட்டார்கள்.

எங்கள் கோர்ட்டில் ஒரு தட்டச்சுப் பிழையைத் திருத்தக்கூட மனுப்போட வழி உண்டு; தூக்கில் போட்ட ஆளைத் திருப்பிக் கேட்க மட்டும் யாரும் வழி வைக்கவில்லை.