மான்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்

விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்ஸ்வெல் நகர அருங்காட்சியகத்தில் கல்யாணங்களை நடத்திவைத்த பெருமை, செத்த விலங்குகளைப் பாடம் செய்யும் ஆன்ஸ்கர் லுண்டையே சேரும். மாப்பிள்ளை மான்டானா மலையில் சுடப்பட்டிருப்பான். பெண் மின்னசோட்டாக் காட்டில். உயிரோடிருந்தவரை ஒன்றையொன்று பார்த்திராத அந்த மான்களுக்குக் கண்ணாடிக் கண் பொருத்தி, நடுவில் எதனுடையதோ ஒரு குட்டியையும் நிறுத்தி, ‘குடும்பம்’ என்று பலகை மாட்டிவிடுவார். அமெரிக்க அருங்காட்சியகங்கள் அப்போது இப்படித்தான் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டிருந்தன. ஐம்பதைத் தாண்டிய அவருக்கோ சாப்பாட்டுத் துணை டப்பா மத்தி மீன் மட்டுமே.

மான் கூடத்து மரங்களுக்கு மெழுகில் இலை செய்து ஒட்ட ஹெட்விக் க்ராஸ் வந்தார். கணவரை இழந்தவர். இலை முடிந்தால் அவர் வேலையும் முடிந்தது. ஆகவே இலை முடியாமல் பார்த்துக்கொள்வதைத் தம் தலையாய விஞ்ஞானக் கடமையாக ஆன்ஸ்கர் ஏற்றார்.

“மிசஸ் க்ராஸ், இந்த மேப்பிள் மரம் கொஞ்சம் மொட்டையா தெரியுதே.”

“நேத்துதானே ஒரு கூடை ஒட்டினேன். மானே மறைஞ்சு போச்சு, மிஸ்டர் லுண்ட்.”

“மறைஞ்சு நிக்கறதுதானே மானுக்கு இயற்கை.”

“அப்ப மானே வேணாம். பலகை மட்டும் போதும்.”

சிரித்தபடியே அவர் மெழுகை உருக்குவார். அந்தச் சிரிப்பை நம்பி ஒரு கேள்வி கேட்க ஆன்ஸ்கர் தினமும் வாயைத் திறப்பார். ‘இன்னும் நாலு இலை’ என்றுதான் வெளியே வரும்.

மான் குடும்பம் அடியோடு காணாமல் போன கட்டத்தில் இயக்குநர் பில்லிங்ஸ்லி எட்டிப்பார்த்தார்.

“என்னய்யா லுண்ட், செடிக் கண்காட்சியா வைக்கறோம்? அடுத்த வாரம் திறப்பு விழா. எல்லாத்தையும் உருவிடு. பனிக்காலம்னு போட்டுக்கலாம், பஞ்சு தூவினா போதும்.”

“இயற்கைன்னு பாத்தா, சார்...”

“பனியும் இயற்கைதான்யா.”

ஹெட்விக்குக்குச் சிகாகோவில் தொப்பிக்குப் பூ செய்யும் வேலை கிடைத்தது. பெட்டியோடு வாசலில் நின்றார்.

“ஏதாவது சொல்லணுமா, மிஸ்டர் லுண்ட்?”

ஆன்ஸ்கர் ஆழ்ந்து யோசித்தார். “ரயில்ல ஜன்னலோரம் உக்காராதீங்க. கரி அடிக்கும்.”

“சரி,” என்றார் ஹெட்விக். பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.

திறப்பு விழா முடிந்த பிறகுதான், பனி மூடிய மொட்டைக் கிளையில் ஒரு பச்சை இலை ஒட்டியிருப்பது இயக்குநர் கண்ணில் பட்டது. காட்சியை மூடியிருந்த கண்ணாடியை உடைக்காமல் இனி அதை எடுக்க வழியில்லை. அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் ஆன்ஸ்கர். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் விளக்கம் கேட்டபோது, “அது உதிர மறந்துடுச்சு, மேடம்,” என்றார் அவர்.

மத்தியானங்களில் மீன் டப்பாவோடு அங்கேதான் உட்காருவார். கண்ணாடியில் அவர் உருவம் குட்டிக்குப் பக்கத்தில் விழும். குடும்பத்தில் எத்தனை பேர் என்று பலகையில் எழுதியிராததால், அருங்காட்சியகத்துக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.