மூன்று கதவு வார்ட்ரோபுக்கு ஒரு சிவப்பு அட்டை

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மைக்கேல்ராஜுக்கு இருபத்தேழு வருட வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை அட்டை கட்டுவார். இல்லாவிட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டையில் நான்கு வரி உண்டு: பொருள், குறை, தேதி, முன்பு ஏற்றவர். கெட்ட சரக்கு ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தால், அதை உள்ளே விட்டவன் பெயரைக் கடைசி வரியில் எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் பெயர் அந்த வரியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஒரு தீபாவளிக்குச் சரக்கு அனுப்பும் ஆள் ஒருவன் கொண்டுவந்து வைத்த இனிப்புப் பெட்டிக்கும், அதன் அடியில் இருந்த கவருக்கும் சேர்த்து அவர் சிவப்பு அட்டை கட்டியதை இன்றைக்கும் கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாகரசம்பட்டியிலிருந்து ஐடிஐ முடித்து 1997-இல் வந்தவர். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் லிபியா. சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஆறங்குல எஃகு ஸ்கேல் இருக்கும். ஞாயிறு பூசைக்குப் போனாலும் இருக்கும்.

லிபியாவுக்கு எட்சனைப் பேசி முடித்தார்கள். எட்சன் தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பையன். தகப்பன் இல்லாமல் அவனை ஒற்றை ஆளாக வளர்த்தவள் அம்மா ஜெபசீலி. சீர் சாமான் வாங்கப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து போவது வழக்கம். 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனார்கள்.

வெளியே தார் உருகும் வெயில். கடைக்குள் ஏசி குளிரில் பல் கிட்டியது. டை கட்டிய பையன் ஒருவன் மூன்று கதவு வார்ட்ரோப் ஒன்றின் முன் நிறுத்தி, "ஃபாரின் மாடல் மேடம், தேக்கு ஃபினிஷ்" என்றான். ஜெபசீலி கதவைத் தடவிப் பார்த்தாள்.

"கண்ணாடியாட்டம் மினுக்குது பாருங்கண்ணா. இதே இருக்கட்டும்."

மைக்கேல்ராஜ் ஸ்கேலை எடுத்துக்கொண்டு குனிந்தார். அடிப்பலகை பதினெட்டு மில்லி. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. ஓரத்தில் ஒட்டிய பட்டைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழையும் சந்து இருந்தது.

"என்னங்கண்ணா, இங்கயும் கம்பெனி வேலையா?" என்று ஜெபசீலி சிரித்தாள். "பொண்ணுக்குச் சீரு வாங்கறீங்களா, போல்ட்டு நட்டு வாங்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டை கட்டிய பையனும் சிரித்தான். மைக்கேல்ராஜ் காது சூடாக எழுந்து ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஃபாரினில் எத்தனை மாதம் மழை பெய்யும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

வார்ட்ரோப் 38,500. கட்டில் 31,000. மெத்தை 18,400. சோபா 42,000. கண்ணாடி மேசை 11,500. ஆக 1,41,400 ரூபாய். வண்டிக்கூலி தனி.

மே 20-இல் கல்யாணம் நடந்தது. பாகலூர் ரோட்டில் தரைத்தள வாடகை வீடு, மாமியார் ஜெபசீலியும் கூடவே. பிறகு மழை பிடித்தது.

நூற்றைம்பத்து மூன்றாம் நாள், அக்டோபர் 20 அன்று, மகளைப் பார்க்கப் போனவரை வாசலிலேயே நாற்றம் மறித்தது. நனைந்த சாக்கும் பழைய கோந்தும் சேர்ந்த நாற்றம். சாப்பாட்டு மேசைக்கடியில் ஒரு சூட்கேஸ் பிதுங்கிக் கிடந்தது. அதற்குள் லிபியாவின் துணிகள். கல்யாணப் புடவை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலாக இருந்தது.

"துணியெல்லாம் ஏன் இங்க கெடக்குது?"

"சும்மாதாம்ப்பா. எடுக்கறதுக்கு ஈஸியா இருக்கும்னு."

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். வார்ட்ரோபின் கதவு வரவில்லை. பலங்கொண்டு இழுத்ததும் கீல் ஆணியோடு கையில் வந்தது. ஆணி இருந்த ஓட்டையிலிருந்து மாவு கொட்டியது. அடிப்பலகை டீயில் முக்கிய பொறை போல ஊதி, மினுக்கிய மேல்தோல் சுருண்டு தொங்கியது. உள்ளே பின்பலகை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். ஒரு கரப்பான் சாவகாசமாக ஏறிப் போனது.

"மூடிடுப்பா" என்றாள் லிபியா, தாழ்ந்த குரலில்.

சமையலறையிலிருந்து ஜெபசீலி அவர் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "வர்றவங்கெல்லாம் மூக்கப் பொத்திக்கிறாங்கண்ணா. என்ன நாத்தம்னு கேட்டா, பொண்ணு வீட்டுச் சீருன்னுதான சொல்லணும்? நாங்க இது வேணும் அது வேணும்னு வாயத் தொறந்தமா? குடுத்தத ஒழுங்கா குடுத்திருக்கலாம்."

லிபியா தலையைக் குனிந்துகொண்டு சூட்கேஸை மேசைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரையே எதிர்த்துக் கேட்ட பெண். முப்பத்தெட்டாயிரம் போனால் போகட்டும். இந்த வீட்டில் இவள் தலை குனிந்தே இருந்துவிடக்கூடாது. அந்த ஒன்று மட்டுந்தான் அன்று மைக்கேல்ராஜின் மனதில் நின்றது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனார். முதலாளி சென்னகிருஷ்ணன் உட்கார வைத்து காபி வரவழைத்தார்.

"ரூம்ல ஏசி இருக்குதுங்களா சார்?"

"எதுக்கு?"

"இந்த மாடலுக்கு ஏசி ரூம்தாங்க செட் ஆகும்."

"துணி வெக்கற பொட்டிக்கு ஏசியா?"

சென்னகிருஷ்ணன் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு எழுத்து. ஈரம் படக்கூடாது. நேர் வெயில் படக்கூடாது. தரையில் கசிவு இருக்கக்கூடாது.

"மழையும் ஆகாது, வெயிலும் ஆகாதுன்னா இத எந்த ஊர்லங்க வெக்கறது?"

"சார் தமாஷ் பண்றீங்க. வேணும்னா ஒன்னு பண்றேன். இதே மாடல் புதுசு, பத்து பர்சென்ட் கம்மி பண்ணித் தர்றேன்."

மைக்கேல்ராஜ் காபியைத் தொடாமல் எழுந்தார். அந்த ஆள்மீது வந்த அருவருப்பு படிக்கட்டு இறங்குவதற்குள் திசை மாறிவிட்டது. இவன் விற்கிறவன். பலகை ஓரத்து இடைவெளியைப் பார்த்தது யார்? தூள் பலகை என்று தெரிந்தும், ஒரு சிரிப்புக்குப் பயந்து, நான்கு பேர் முன்னால் ஸ்கேலைப் பைக்குள் போட்டவன் யார்? கம்பெனியில் ஒரு வாஷரைக்கூட இப்படி உள்ளே விட்டதில்லை.

கம்பெனி அட்டையை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் இல்லை அவர். ஸ்டேஷனரி கடையில் சிவப்பு சார்ட் பேப்பர் வாங்கி, ஐந்து அட்டை வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

அடுத்த ஞாயிறு காயலான் கடை திம்மராயனை அவன் ஆட்டோவோடு கூட்டிக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனார். நேராகப் போய் வார்ட்ரோபின் அடியில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்தார். பதினெட்டு மில்லி இருந்த பலகை இருபத்து நாலரை ஆகியிருந்தது. அட்டையை எழுதிக் கைப்பிடியில் கட்டினார்.

ஜெபசீலி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து வாசித்தாள். 'பொருள்: வார்ட்ரோப். குறை: அடிப்பலகை ஆறரை மில்லி ஊதல், பூஞ்சணம். தேதி: 27.10.2024. முன்பு ஏற்றவர்: மைக்கேல்ராஜ்.'

"என்னங்கண்ணா இது?"

"பாத்துட்டும் விட்டது நாந்தான், தங்கச்சி. லிபியா மேல இதுல ஒன்னுமில்ல. யாராச்சும் கேட்டா எம்பேரச் சொல்லுங்க."

ஜெபசீலி அட்டையின் கடைசி வரியை மறுபடி வாசித்தாள். முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது.

"எழுதறதுதான் எழுதறீங்க, அந்த வரியில எம்பேரையும் போடுங்க. மினுக்குது மினுக்குதுன்னு பல்லக் காட்டுனது நாந்தான? நீங்க அளக்கக் குனிஞ்சப்ப வேற கிண்டல் பண்ணித் தொலச்சேன்." பிறகு லிபியாவின் பக்கம் திரும்பி அதட்டினாள்: "நீ என்ன வேடிக்கை பாக்கற? என் இரும்பு பீரோவுல மேல ரெண்டு தட்டு ஒழிச்சுத் தர்றேன், அந்தச் சூட்கேஸ எடுத்தா. போறவங்க வர்றவங்க கால்ல இடிக்குது."

"சாவி, அத்தை?"

"ரெண்டு இருக்குது. ஒன்னு நீ வெச்சுக்க."

லிபியா நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

திம்மராயன் வார்ட்ரோபை அசைத்ததும் பின்பலகை மடிந்து அவன் காலில் விழுந்தது.

"இதேமி சார்? மரமா, மாவா?"

"எவ்ளோ தருவே?"

"நான் தர்றதா? இரும்பில்ல, பிளாஸ்டிக் இல்ல, அடுப்புல வெச்சா பசை நாத்தம் ஊரத் தூக்கும். நீங்கதான் எழுநூறு குடுக்கணும், கொண்டுபோய்ப் போடறதுக்கு."

38,500 கொடுத்து வாங்கியதை 700 கொடுத்துத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மைக்கேல்ராஜ் கொடுத்தார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கோந்து நாற்றம் போகவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். எழுந்தபோது பேன்ட்டில் காப்பித்தூள் நிறத்தில் சருகு சருகாக ரெக்ஸின் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். சட்டைப் பையைத் தடவினார். இன்னும் நான்கு அட்டை இருந்தது.