தங்கப் பிள்ளைகளின் சால்வை

ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பீற்றல் இருக்கும். ஒரு வீட்டில் பாரீஸ் மருமகன், இன்னொரு வீட்டில் கோயில் பாடகர் குழுவின் ஆர்மோனியம். எங்கள் அம்மா வழியில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் தங்க நிறமாகிவிடுவார்கள் என்பது எங்கள் பீற்றல். பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளையும் போலச் சிவப்பாகத்தான் இருப்பார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாட்களில் முகம், மார்பு, உள்ளங்கால் வரைக்கும் பொன் பூசினாற்போல் ஆகிவிடுமாம். மாமா அப்படி ஆனார். பெரியம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படி ஆனார்கள். அதில் மூத்தவன் மாதம் முடியும்முன் போய்விட்டான். "தங்கத்த ஆண்டவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு" என்பாள் பெரியம்மா. சொல்லிவிட்டு உடனே எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவாள்.

பெரியம்மாவின் மாமியார் மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தாள். இவள் பால் சரியில்லை, அதுதான் பிள்ளை தங்கவில்லை என்று அவர்கள் ஊரான போலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் பெண். கறுப்பாகப் பிறந்து கறுப்பாகவே இருந்தேன். இந்த அநியாயம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது ஒரு சால்வை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த அம்மாவின் அப்பா, சிப்பாய் உத்தியோகம் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. வெள்ளைக் கம்பளி, ஓரம் முழுக்க லேஸ். காரைக்கால் புழுக்கத்துக்குக் கம்பளி எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளை பெற்று வந்ததும் குழந்தையை அதில் சுற்றுவார்கள். ஞானஸ்நானம் முடியும்வரை அதில்தான் கிடக்கும். சால்வையைக் காப்பாற்றும் பொறுப்பு மூத்தவளான பெரியம்மாவுக்கு. அவள் அதை ட்ரங்குப் பெட்டியில் வைத்து, பூச்சி அரிக்காமலிருக்கக் கை நிறையப் பாச்சை உருண்டைகளை மடிப்புக்கு மடிப்பு போட்டு வைப்பாள். தண்ணீரில் நனைக்கக் கூடாது, பிரான்சுக் கம்பளி சுருங்கிவிடும். வெயிலில் போடக் கூடாது, வெளுப்பு மங்கிவிடும். பெட்டியிலிருந்து எடுத்து நேரே பிள்ளைமேல் சுற்றுவாள்.

எனக்குத் தம்பி பிறந்தபோது நான் நான்காம் வகுப்பு. பெரியம்மா போலகத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. தம்பியைச் சால்வையில் சுற்றி, நெற்றியில் சிலுவை போட்டு, "மாதாவே, ராசா மாரி இருக்கான்டி!" என்று அம்மா மடியில் வைத்தாள்.

சொல்லிவைத்தாற்போல் தம்பி பொன்னானான். தெருவே வந்து பார்த்தது. நானும் என் பங்குக்கு வகுப்பில் பாதிப் பேரைக் கூட்டிவந்து, சால்வையை விலக்கி உள்ளங்காலைக் காட்டினேன். மிட்டாய்க் கடைக்காரர் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று எனக்கிருந்த தலைக்கனம் பிறகு பட்டம் வாங்கியபோதுகூட இல்லை.

ஆனால் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. துணி மாற்றும்போது அதில் வரக்காப்பி சிந்தியது போல ஒரு கறை. பெரியம்மா, "நம்ம வூட்டுப் பிள்ளைங்க இப்புடித்தான்டி, சரியாயிடும்" என்றாள். அவள் குரல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பச்சை உடம்போடு எழுந்தாள்.

"தங்கமும் வாணாம், ஒண்ணும் வாணாம். எனக்குப் பிள்ளை வேணும். ஆட்டோவக் கூப்புடு."

அப்பா மின்துறையில் வேலை; அன்றைக்குச் சுரக்குடிப் பக்கம் எங்கேயோ கம்பத்தில் ஏறியிருந்தார். அதனால் அம்மா, பெரியம்மா, தம்பி, வீட்டில் தனியாக விட முடியாத நான் என்று நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரியம்மா வெளியே மரத்தடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். குழந்தையிடம் குனிந்தவர் சட்டென்று மூக்கைச் சுருக்கினார்.

"பாச்சை உருண்டை வாசன வருதே? எதுலங்க வச்சிருந்தீங்க இந்தத் துணிய?"

அம்மா சொன்னாள். அவர் சால்வையை உருவி எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, தம்பியை நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார். அப்புறம் கேட்டார்.

"உங்க வீட்டுல இதுக்கு முந்தி ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இப்புடி மஞ்சளாச்சா?"

"ஆச்சுங்க. என் தம்பிக்கு. எங்க அக்காவோட சின்னவனுக்கு. அப்புறம் அக்காவோட மூத்தவன்..." அம்மா அதோடு நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியைப் பார்த்தாள்.

இன்று அந்த நோயை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். கடற்கரை உப்புக்காற்றில் சைக்கிள் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தால்தான் துருப்பிடிக்காமல் ஓடும். ரத்தச் சிவப்பணுவுக்குள்ளும் இரும்பு இருக்கிறது. அணு கெட்டுப்போகாமல் காக்கும் எண்ணெய்க்கு வழி செய்வது ஜி6பிடி என்கிற ஒரு நொதி. அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. அதனால் நொதி சரியாக மடியாமல் தொளதொளவென்று உருவாகி, சீக்கிரமே உதிர்ந்துவிடுகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் மற்றது கைகொடுக்கும். ஆணுக்கு இருப்பதே ஒன்று.

சும்மா இருந்தால் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பெரியம்மாவின் சின்னவன், என் அண்ணன், புட்பால் ஆடிக்கொண்டு கல்லுக்குண்டாகத்தான் இருந்தான். ஆனால் சில மலேரியா மாத்திரைகள், பாச்சை உருண்டையின் ஆவி, இப்படிச் சிலது உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உடைந்த அணுவிலிருந்து வரும் மஞ்சளைப் பச்சைக் குழந்தையின் ஈரலால் சமாளிக்க முடியாது. அது தோலில் ஏறும், விட்டால் மூளைக்கும் ஏறும். நாங்கள் தெருவைக் கூட்டிக் காட்டிய தங்கம் இதுதான். அந்தத் தளர்ந்த நொதியைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்த ஒரு மருந்து கிடைக்குமா என்று உலகத்தில் பல பேர் தேடிக்கொண்டிருக்கிறோம். "தேடுகிறோம்" என்று என்னையும் சேர்த்துச் சொல்லும்போது எனக்குத் தலை நிமிரத்தான் செய்கிறது.

அன்று டாக்டரம்மா இவ்வளவும் சொல்லவில்லை. இது தாய் வழி ரத்தத்தில் வருவது, அதைக் கிளப்பிவிட்டது சால்வையில் இருந்த பாச்சை உருண்டை என்று மட்டும் சொன்னார். எனக்குக்கூடப் புரிந்தது. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"இத எங்க அக்காகிட்ட சொல்லியே ஆவணுமாங்க?"

டாக்டரம்மா அம்மா பார்த்த திசையில் மரத்தடியைப் பார்த்தார். "அவங்க பையனுக்கு என்னென்ன மருந்து ஆகாதுன்னு தெரிஞ்சாகணும். பாச்சை உருண்டை ரெண்டு வீட்டுலயும் இருக்கக் கூடாது. மத்தத நீங்க பாத்துக்கங்க."

நீல விளக்கு போதாமல், தம்பிக்கு ரத்தமும் மாற்ற வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு நிலைவாசலில் குனிந்துதான் நுழைகிறான்; என் தலையில் தட்டாமல் தாண்டிப் போகமாட்டான்.

அவன் தேறி, கன்னம் வைத்த பிறகுதான் ஞானஸ்நானம் வைத்தார்கள். காலையிலேயே வீடு நிறைய ஜனம். நெடுங்காட்டிலிருந்து அத்தை, போலகத்திலிருந்து பெரியம்மா, கூடவே அந்த மாமியார். காபி குடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அம்மா ஆரம்பித்தாள்.

"டாக்டர் ரத்தத்துலதான் கோளாறுன்னுட்டாங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்க ரத்தம் அப்புடி. எங்கிட்டேருந்துதான் இவனுக்கு வந்துருக்கு. எங்க அக்கா மூத்தவனுக்கும் அதேதான். பால்ல ஒரு கோளாறும் கெடையாது." கடைசிப் பேச்சை அந்த மாமியாரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

மாமியார் காபி தம்ளரையே பார்த்தாள். பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை. அப்புறம் துடைத்துக்கொண்டு எழுந்தாள், மலர்ந்த முகத்தோடு பையைத் திறந்தாள். வாசனை வீடெல்லாம் பரவியது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோன சால்வையைப் பத்திரமாக அதே பெட்டியில் வைத்திருந்து எடுத்துவந்திருக்கிறாள். அதை விரித்துக்கொண்டு தம்பியிடம் வந்தாள்.

அம்மா பாய்ந்துபோய்ச் சால்வையைப் பிடுங்கினாள்.

"இது இனிமே எங்கிட்ட இருக்கட்டும்க்கா."

"பிள்ளைக்குச் சுத்திட்டுத் தாரேன்டி."

"சுத்தவும் வாணாம், திருப்பி எடுத்துட்டுப் போவவும் வாணாம். இத்தினி வருசம் நீதான வச்சிருந்த? இனிமே எனக்கு."

"அப்பா எங்கையில குடுத்ததுடி இது!"

"எனக்கும் அவருதான் அப்பா."

இதைப் பார்த்துக்கொண்டு ஒரு முந்திரிக்கொட்டை சும்மா இருக்குமா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "பெரியம்மா, டாக்டரம்மா என்னா சொன்னாங்கன்னா..." என்று தொடங்கினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது பாருங்கள், உயிர் போய்விட்டது. நான் "ஆ"வென்று கத்தியதை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, இந்த வாசனை பட்டாலே இவளுக்கு இழுப்பு வந்துருது. ரெண்டு வீட்டுலயும் பாச்சை உருண்டையே கூடாதுன்னுட்டாங்க டாக்டர்" என்றாள். எனக்கு ஜென்மத்தில் இழுப்பு வந்ததில்லை. அண்ணன் அதற்கப்புறம் வருஷக்கணக்காக என்னை "இழுப்பி" என்றுதான் கூப்பிட்டான். அவனைப் பிறகு அம்மாவே அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், எந்த மருந்து ஆகாது என்று சொல்லவைத்தாள்.

பெரியம்மா சாப்பிடாமலே பஸ் ஏறினாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒரு துணிக்காக அக்காளைச் சபையில் அவமானப்படுத்தியவள் என்று அம்மாவுக்குப் பேர் வந்தது. இன்றும் சொந்தத்தில் அந்தப் பேர் இருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை மறுத்ததில்லை. பெரியம்மா இரண்டு வருஷம் முன்பு இறந்துபோனாள். தன் கையால், ஆசை ஆசையாகச் சுற்றிய சால்வைதான் தன் மூத்தவனைக் கொண்டுபோனது என்று கடைசிவரை தெரியாமலே போனாள். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. நான் படித்த எதைவிடவும் என் அம்மா அன்று பேசாமல் விட்டதுதான் எனக்குப் பெரிது. இவள் என் அம்மா என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் நான்காம் வகுப்புக்காரிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவள் கண்ட விஷயம் ஒன்றே ஒன்று, சண்டையில் அம்மா ஜெயித்துவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீரே படக்கூடாத பிரான்சுச் சால்வையை அம்மா வாளியில் முக்கி, சோப்புப் போட்டுக் கசக்கிக் கசக்கி அலசிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும்? ஒருவேளை இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று, பக்கத்தில் குந்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழுவாதம்மா. இனிமே இது நமக்குத்தான்."