நான் வெட்டச் சொன்ன பதினான்காம் வரி

பதினொரு வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகத்தில் என் அறையில் வைத்து, ஒரு மாணவியைப் பொய்க்காரி என்று சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது உண்மையா என்று போய்ப் பார்க்க எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. அந்த ஒரு நாளை நான் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எதுவும் இதைச் சிறிதாக்கிவிடக் கூடாது.

நான் மனித உடலின் அசைவைப் பற்றிப் படிப்பித்தவன். நடக்கும்போதும் ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதுதான் என் துறை. அந்த மாணவி புத்தளம் கரைத்தீவைச் சேர்ந்தவர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். உப்பளத்தில் தலையில் கூடை சுமக்கும் பெண்களைப் பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விரும்பினார். நான் மேற்பார்வையாளர். திணைக்களத்தின் கருவியைக் கொடுத்து அனுப்பினேன். முகத்தில் ஒரு மூடி, முதுகில் ஒரு சிறு பெட்டி, நெஞ்சில் ஒரு பட்டி. நடக்கிறவருடைய மூச்சில் எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று அது காட்டும்.

ஒரு பருவம் முழுவதும் வெயிலில் நின்று பதினான்கு பெண்களை அளந்துகொண்டு வந்தார். பதின்மூன்று பேருடைய கணக்கு, நான் முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிய பாடத்தைப் போலவே இருந்தது. பாரம் கூடினால் செலவும் கூடும். புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தால் அழகாக ஏறும். அட்டவணையில் பதினான்காம் வரி மட்டும் ஏறவில்லை. அந்தப் பெண் அரைக் கூடை உப்போடு நடந்தபோதும் வெறுமனே நடந்தபோதும் செலவு ஒன்றுதான்.

"கருவி பிழைச்சுப்போச்சு" என்றேன்.

"இல்ல சேர். பார்த்திட்டன்."

படிவங்களைப் புரட்டினேன். பதினான்காம் பெண்ணின் முகவரியும் மாணவியின் முகவரியும் ஒன்று.

"இது ஆர்?"

"என்ட உம்மா."

அதற்குப் பிறகு நான் எதையும் விசாரிக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "தாயைப் பெரிய ஆளாக்கிக் காட்ட இது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில்லை, பிள்ளை. இது பொய்க் கணக்கு. இந்த வரியை வெட்டுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"ஒரு நாளைக்கு உப்பளத்துக்கு வாங்க சேர். நீங்களே அளந்து பாருங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு."

என் வேலை என்ன தெரியுமா? அந்தப் பதின்மூன்று புள்ளிகளை ஒரு மாநாட்டில் காட்டுவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து வந்தார். கருவியைத் துடைத்து, வயர்களை ஒழுங்காகச் சுற்றி என் மேசையில் வைத்தார். அதன்மேல் ஓர் அப்பியாசக் கொப்பி. "வரியை வெட்ட மாட்டன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. பட்டமும் இல்லாமல் போயிற்று. நான் அந்தப் பதின்மூன்று புள்ளிகளையும் மாநாட்டில் காட்டினேன். கை தட்டினார்கள். கொப்பியைத் திறக்கவேயில்லை.

ஓய்வுபெற்ற பிறகு சிலாபத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, குழந்தையைப் போல மறுபடியும் நடக்கப் பழகினேன். கட்டிலிலிருந்து கதவு வரை பதினெட்டு அடி. பழைய பழக்கம் விடுமா, ஒவ்வொரு முறையும் நாடியை எண்ணிப் பார்த்தேன். மலை ஏறியவனுடைய நாடி. அதே பதினெட்டு அடியை மருமகள் ஒரு கையில் தேநீரும் மறு கையில் பாண் தட்டுமாகக் கதைத்துக்கொண்டே கடந்து வருவார். அதே தரை, அதே தூரம். உடலுக்கு உடல் செலவு இவ்வளவு வேறுபடுமா என்று, எழுபது வயதில், என் சொந்தத் துறையைப் பற்றி முதல் தடவையாக வியந்தேன். உடனே அந்தப் பதினான்காம் வரி நினைவுக்கு வந்தது.

என் பழைய புத்தகங்களோடு அலுமாரியில் கிடந்த அந்தக் கொப்பியை மருமகளிடம் எடுத்துத் தரச் சொன்னேன். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "14ஆம் ஆள் என் தாய். ஆகவே நான் மட்டும் அளந்தால் போதாது. சேரைக் கூப்பிட வேண்டும்." அடுத்த பக்கங்களில், கருவியில் பிழை இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்ட ஒவ்வொரு விதமும் இருந்தது. பற்றரியை மாற்றியிருக்கிறார். முகமூடியை மாற்றியிருக்கிறார். அதே கருவியை இடையில் வேறொரு பெண்ணுக்குப் போட்டு, அவருடைய கணக்கு வழக்கம்போல ஏறுகிறதா என்று பார்த்து, மறுபடியும் தாய்க்குப் போட்டிருக்கிறார். இப்படி மூன்று காலைகள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அவரே கேட்டு முடித்திருந்தார். தாயை அளந்தது தப்பாகிவிடக் கூடாது என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அதைச் சாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கொப்பியை மூடிவிட்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன்.

அவர் இப்போது கற்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினேன். நான் யாரென்று சொன்னேன்.

"சேருக்கு இப்ப என்ன வேணும்?"

"அண்டைக்கு நீங்க கேட்ட அந்த ஒரு நாளைத் தரலாமோ எண்டு கேக்கிறன். பிந்திப்போச்சு எண்டு தெரியும்."

"உம்மா இந்தப் பருவத்தோட வேலைய விடப்போறா" என்றார். "வாறதெண்டா கெதியா வாங்க."

திணைக்களத்தில் இப்போது தலைவராக இருப்பவர் என் பழைய மாணவர். புதுக் கருவியை இரவல் தந்தார். ஆவணி மாதத்தில் ஒரு காலை, ஊன்றுகோலோடு உப்பளத்தில் போய் இறங்கினேன். மாணவி கைகட்டி நின்றார். தாயார் ஐம்பத்தைந்தைக் கடந்த, மெலிந்த பெண். முக்காட்டின் மேல் சும்மாடு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர்தானா, மகள், அந்தச் சேர்? தனக்கே நடக்க ஏலாம இருக்கார், என்ட நடைய அளக்க வந்திருக்கார்."

பக்கத்துப் பாத்தியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துவிட்டால் பிறகு சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் அங்கேயே சொன்னேன். "உங்கட மகள் பொய்க் கணக்கு எழுதினவ எண்டு சொல்லி, படிப்பை நிப்பாட்டினது நான்தான். அவ எழுதினது உங்கட கணக்கு."

தாயார் மகளின் பக்கம் திரும்பினார். "படிக்க விருப்பமில்ல எண்டுதானே எனக்குச் சொன்ன?"

மகள் குனிந்து கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"சோம்பேறி எண்டு எத்தின நாள் ஏசியிருப்பன்."

"அத விடுங்க உம்மா. வெயில் ஏறுது."

தாயார் என்னை ஏசாமல் முகமூடிக்குக் கை நீட்டினார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முகமூடியைப் போட்டு முதலில் வெறுமனே நடந்தார். பிறகு அரைக் கூடை. தலையில் ஏற்ற இன்னொரு கை வேண்டும். என்னை நோக்கிக் கையால் காட்டினார். ஊன்றுகோலை வரம்பில் போட்டுவிட்டு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகளாகத் தூக்கினோம். பாரம் என் மணிக்கட்டில் தொடங்கித் தோளுக்கு வந்து, இடுப்பில் போட்டிருந்த இரும்பு வரை இறங்கியது. அவருடைய தலையில் அமர்ந்ததும், கழுத்தில் ஒரு சிறிய அசைவு. பிறகு அந்தப் பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

வரம்பு ஓரடி அகலம், ஈரம். பொலித்தீனில் சுற்றிய கைபேசியை உப்பின் மேல் வைத்திருந்தார். நடக்கும்போது நாம் எல்லோரும் ஒவ்வோர் அடிக்கும் சற்று உயர்ந்து தாழ்கிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி வீணாகிறது. இதை எத்தனையோ வகுப்புகளில் வரைந்து காட்டியிருக்கிறேன். இவருடைய நடையில் அந்த வீண் எங்கே என்று தேடினேன். ஒரு கால் ஊன்றி முடிக்கும் முன்பே அதன் வேகத்தை மறு கால் வாங்கிக்கொண்டது. கூடை நீரில் மிதக்கும் பொருளைப் போல ஒரே மட்டத்தில் போயிற்று. நடு வழியில் கைபேசி அடித்தது. நிற்காமல் கையை உயர்த்தி எடுத்து, அழைப்பை வெட்டி, மறுபடியும் உப்பின் மேல் வைத்தார். அடி ஒன்றுகூடப் பிசகவில்லை.

திரையைப் பார்த்தேன். வெறுமனே நடந்தபோது வந்த அதே செலவு.

நான் எதுவும் சொல்வதற்கு முன் மகள் சொன்னார்: "பற்றரிய மாத்திப் பாருங்க சேர். நானும் மாத்திப் பார்த்தனான்."

மாற்றினேன். முகமூடியையும் மாற்றினேன். அவர் மறுபடியும் நடந்தார். அதேதான். முழுக் கூடை ஏற்றியபோதுதான் கணக்குச் சற்று ஏறியது. அப்போதும் மற்றவர்களுக்கு ஏறியதில் பாதிகூட இல்லை.

வெள்ளை வெளேரென்ற அந்த வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. யாரும் படிப்பிக்காமல், நாளுக்கு நாள் நடந்தே, ஓர் உடல் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வேறு நாடுகளிலும் இப்படிச் சுமக்கும் பெண்களை அளந்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். அன்றைக்கே தேடியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். முப்பது வருடம் நடையைப் பற்றிப் பேசியவன், நடை என்றால் என்ன என்பதை அந்த வரம்பில்தான் பார்த்தேன்.

முகமூடியைக் கழற்றியதும் தாயார் சொன்ன முதல் வார்த்தை, "போன்ல மச்சிதான் கூப்பிட்டவ. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னத்தக் கதைக்கிற?"

வீட்டுக்கு வந்து பல்கலைக்கழகப் பீடத்துக்கும் அந்த மாநாட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதினேன். செய்ததை மறைக்காமல் எழுதினேன். மாநாட்டுக்காரர்களிடமிருந்து பதில் இல்லை. பழைய பதிவு காலாவதியாகிவிட்டது, விரும்பினால் அவர் புதிதாகப் பதிந்து சமர்ப்பிக்கலாம் என்று பீடம் எழுதியது. அவருக்கு அறிவித்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் சொன்னார்.

"செய்யிறன். ஆனா சேர் மேற்பார்வைக்கு வர வேணாம்."

"ஓம்" என்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். பாரம் சுமந்து பழகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததாம். வயதானவர்கள் கிடைக்கவில்லையாம். வருவீர்களா என்று கேட்டார். போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் அதே முகமூடியை எனக்குக் கட்டினார். முதலில் வெறுங்கையோடு, பிறகு கையில் ஒரு கிலோ உப்புப் பையோடு. தாயார் மர நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "விழுந்திடாதீங்க சேர், பிறகு முதல்ல இருந்து அளக்க வேண்டி வரும்" என்றார். மகள் என் பக்கத்திலேயே நடந்து வந்தார், பிடிக்கத் தயாராக ஒரு கையை நீட்டியபடி.

முடிவை வரைபடமாகக் காட்டினார். எல்லோருடைய புள்ளிகளும் ஒரு பக்கம், என்னுடையது எங்கோ உச்சியில். என் ஒருவனுக்காகப் படத்தையே உயரமாக்க வேண்டியிருந்தது.

"என்ட புள்ளி உங்கட படத்தைக் கெடுக்குது பிள்ளை. வெட்டிவிடுங்க" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அளந்ததை எப்படி சேர் வெட்டுறது?"

ஆய்வேடு போன மாதம் பரிசோதகர்களுக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் படத்தின் அடியில் ஏறாத ஒரு கோடாக அவருடைய தாயார் இருக்கிறார், உச்சியில் எல்லோரையும் விட்டு விலகி ஒரு கிலோ உப்போடு நான் இருக்கிறேன். என்னை அங்கே வைத்திருப்பது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் அவருக்குச் செய்யத் தவறிய நியாயம் அதுதான் என்று தெரியும்.